மேட்டு பங்களாவின் ஐந்து காம்பராக்கள்

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் சாலையில், பாதி தூரத்தில் இடதுபுறமாக ஏறும் மண்பாதை மேட்டு பங்களாவுக்குப் போகிறது. இப்போது அது தங்கும் விடுதி. ஓர் இரவுக்கு என்ன வாடகை என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். பங்களாவின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவோம் என்று விடுதி மேலாளர் பாலகுமார் என்னை அழைத்திருந்தார். இந்த வேலையை நான் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். நீலகிரியில் வரலாறு இல்லாத பங்களாவே கிடையாது. கொஞ்சம் குறைந்தால் என்னைப் போன்றவர்கள் நிரப்பிக் கொடுத்துவிடுவோம்.

கட்டடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டர்னர் என்ற வெள்ளைக்காரர் 1890களில் கட்டியது. கருங்கல் அடித்தளம், இரண்டடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர், சிவப்புச் சாயம் பூசிய தகரக் கூரை, கூரையின் ஓரம் முழுக்கச் செதுக்கிய மரப்பட்டி. தளம் தேக்குப் பலகை. அது மண்ணைத் தொடாமல் ஒன்றரை அடி உயர்ந்து நிற்கிறது. அடியில் காற்று போய்வர அடித்தளத்தில் கம்பி போட்ட ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். முன்புறம் போர்டிகோ, வண்ணக் கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு, அதைத் தாண்டினால் பெரிய ஹால். ஹாலின் பின்சுவரில் உள்ள கதவைத் திறந்தால் ஒரு நீண்ட நடை. நடையின் இருபுறமுமாக ஐந்து அறைகள். அறைக்கு ஒரு கணப்பு, கணப்புக்கு ஒரு புகைபோக்கி. சமையல்கட்டு மட்டும் தனிக் கட்டடம். புகையும் வேலைக்காரர்களின் பேச்சுச் சத்தமும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அதைப் பின்னால் தள்ளிக் கட்டி, கூரை போட்ட ஒரு பாதையால் பின்கதவோடு சேர்த்திருக்கிறார்கள்.

குடியிருந்தவர்கள் பட்டியலும் என்னிடம் கொடுக்கப்பட்டது. டர்னர் துரை பதினோரு வருடம் இருந்தார். அவர் மனைவிக்குத் தனிமை ஆகாது, பெரும்பாலும் ஊட்டியில் இருந்துவிட்டார். அடுத்து வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர், நாய்ப் பிரியர். தோட்டத்தின் மூலையில் அவருடைய நாய்களுக்குக் கல்லறை உண்டு, கல்லில் பெயர்கூட வெட்டியிருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு கோயமுத்தூர் கம்பெனி ஒன்று பங்களாவோடு சேர்ந்த தேயிலை எஸ்டேட்டை வாங்கியது. வரிசையாக மேனேஜர்கள் வந்தார்கள். கடைசியாக இருந்தவர் ஜெகதீசன். அதன் பிறகு பாலகுமார் கொடுத்த தாளில் ஒரே வரி: 2001 முதல் 2005 வரை காலியாக இருந்தது.

அறைகளைச் சுற்றிப் பார்த்தபோது மூன்றாவது அறையின் கணப்பு என்னை நிறுத்தியது. இங்கிலாந்திலிருந்து வந்த பூப்போட்ட ஓடுகள் பதித்த கணப்பு. புதுச் சாயத்தையும் மீறி, அதன் மேல் சுவரில் மஞ்சளும் குங்குமமுமாக மூன்று பொட்டுகள் தெரிந்தன. டர்னர் துரை வைத்திருக்க மாட்டார். ஸ்காட்லாந்துக்காரரும் வைத்திருக்க மாட்டார். தோட்டக்காரரிடம் கேட்டேன். "கீழ, பழைய ஃபேக்டரிக்குப் பக்கத்துல சின்னம்மைன்னு ஒரு அம்மா இருக்காங்க. அவங்களக் கேளுங்க," என்றார். பாலகுமாரிடம் சொல்லாமல் இறங்கிப் போனேன்.

சின்னம்மைக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது. குள்ளமான உருவம், உரத்த குரல். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இரு நாட்டு ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு பத்தொன்பது வயதில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, பிறகு நீலகிரிக்கு வந்தவர். பேச்சில் பாதி இன்னும் அந்தக் கரையிலேயே இருக்கிறது. தொழிலாளர்களின் வரிசை வீட்டை லயம் என்பார். லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற ஒற்றை அறையைக் காம்பரா என்பார். முப்பது வருடம் மேட்டு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். அவர் கணவர் ஆண்டி ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போடும் வேலை பார்த்தார்.

தேயிலை விலை விழுந்த கதை நீலகிரியில் எல்லோருக்கும் தெரியும். மேட்டு எஸ்டேட்டில் அது இப்படி நடந்தது. முதலில் கவாத்து வெட்டுவதை நிறுத்தினார்கள். அப்புறம் உரத்தை நிறுத்தினார்கள். அப்புறம் சம்பளம் பாதியானது, பிறகு நின்றது. ஒருநாள் ஜெகதீசன் மீட்டிங் என்று கோயமுத்தூர் போனார். பெட்டி படுக்கையோடு மீட்டிங் போகிறாரே என்று அன்றைக்கே ஆண்டி கேலி செய்தாராம். ஜெகதீசன் திரும்பவில்லை. வெட்டாத செடிகள் தேயிலை மரங்களாகி ஆள் உயரத்துக்கு மேல் போயின. வேறு போக்கிடம் உள்ளவர்கள் போய்விட்டார்கள். மற்றவர்கள் லயத்திலேயே தங்கி, கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தோட்டங்களுக்குத் தினக்கூலியாகப் போய்வந்தார்கள்.

2001 நவம்பர் மழையில் மேல்லயத்தின் பின்னால் மண் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் சுவர்கள் விழுந்துவிட்டன. ஐந்து குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு மழையில் நின்றன. அந்த ஐந்தில் ஒன்று சின்னம்மையுடையது. இன்னொன்று பக்கத்துக் காம்பராவில் இருந்த இசக்கியம்மாவுடையது. இருவருக்கும் உறவு இல்லை, அக்கா தங்கை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மூன்றாவது குடும்பத்துச் சங்கிலி தொழிற்சங்கத்துக்காரர். பங்களா சும்மாதானே கிடக்கிறது என்று எல்லோரையும் மேலே அழைத்துப் போனது அவர்தான்.

முன்கதவில் பெரிய பூட்டு. சாவி ஜெகதீசனோடு போய்விட்டது. சங்கிலி கடப்பாறையை எடுத்தார். சின்னம்மை குறுக்கே போய் நின்றார்.

"பூட்ட ஒடச்சா நாளைக்கித் திருட்டுக் கேஸு போடுவாங்க தம்பி. பின்கதவுக்குப் பூட்டே கெடையாது, வெறும் கொண்டிதான். அது எப்பவும் நம்ம கதவு. நம்ம கதவு வழியா நாம போனா யாரு என்ன கேக்க முடியும்?"

சங்கிலி கடப்பாறையைக் கீழே போட்டார். சின்னம்மை சொன்னதில் பயமும் இருந்தது, உரிமையும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தோட்டத்து வழக்கம் அப்படி. எந்தத் தொழிலாளியும் பங்களாவின் முன்பக்கம் போவதில்லை. துரையிடம் காரியம் இருந்தால் சுற்றிக்கொண்டு பின்னால் போய், சமையல்கட்டு வாசலில் நின்று, கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். தானாகக் குரல் கொடுக்கக் கூடாது. அட்டனில் சின்னம்மையின் அம்மா அப்படித்தான் நின்றார். மேட்டு எஸ்டேட்டில் சின்னம்மையும் அப்படித்தான் நின்றார்.

ஐந்து குடும்பங்களும் ஐந்து அறைகளை எடுத்துக்கொண்டன. அன்றைக்கே அவை காம்பராக்கள் ஆகிவிட்டன. கணப்புகளில் கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். புகை தானாக மேலே போவதைப் பார்த்து இசக்கியம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். லயத்தில் சமைத்தால் கண் எரிந்து சாகவேண்டும். அவருக்குக் கிடைத்தது டர்னரின் மனைவி இருந்த அறை, உள்ளேயே குளியலறை உண்டு. சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டியில் இசக்கியம்மா விறகு அடுக்கினார். தேக்குப் பலகையைச் சாணி போட்டு மெழுகலாமா கூடாதா என்று ஒரு வாரம் சண்டை நடந்து, கூடாது என்று முடிவானது. ஹாலில் மட்டும் யாரும் குடியேறவில்லை. மழைநாளில் துணி காயப்போடக்கூட அதைத் தொடவில்லை. ஹாலுக்குப் போகும் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். முன்பக்கப் படிகளில் புல் முளைத்தது, போர்டிகோவில் கொடி ஏறியது.

"மூணு வருஷமா முன்பக்கம் யாருமே போனதில்லையா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க போகணும்? நமக்கு அங்க என்ன வேல?" என்றார் சின்னம்மை.

2004இல் கம்பெனிக்கும் தொழிலாளர்களுக்கும் கோர்ட்டில் ஒரு சமரசம் ஏற்பட்டது. எஸ்டேட்டை விற்றுக் கடனை அடைக்கக் கம்பெனிக்கு அனுமதி. பதிலுக்கு, எஸ்டேட் கட்டடங்களில் இன்னும் குடியிருக்கும் தொழிலாளர்களுக்குக் குடும்பத்துக்கு மூன்று சென்ட் நிலம் சொந்தமாகப் பட்டா போட்டுத் தரவேண்டும். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுத ஒரு வக்கீலைக் கோர்ட் நியமித்தது. அவர் எழுதுவதுதான் கணக்கு. ஐந்து குடும்பங்களின் ரேஷன் கார்டிலும் இடிந்துபோன மேல்லயத்தின் முகவரிதான் இருந்தது, அதனால் கார்டு உதவாது. வக்கீல் வரும்போது வீட்டில் ஆள் இருக்கவேண்டும் என்று சங்கிலி திரும்பத் திரும்பச் சொன்னார்.

என்றைக்கு வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் நாலைந்து நாள் கூலிக்குப் போகாமல் காத்திருந்தார்கள். பானையில் அரிசி தீர்ந்ததும் அது முடியவில்லை. ஒருவர் இருந்து ஐந்து குடும்பத்தையும் சொன்னால் போதும் என்று முடிவு செய்தார்கள். யார் இருப்பது? பேச்சுக்குத் தயங்காதவர், எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் தெரிந்தவர் சின்னம்மைதான். அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் கொழுந்து பறிக்கப் போனார்கள். போகுமுன் நான்கு காம்பராவிலும் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்கள். மரத்தளம், நெருப்பை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது சின்னம்மையே போட்ட சட்டம்.

காலை பத்து மணிபோல ஜீப் வந்தது. சின்னம்மை நல்ல சேலை உடுத்தி, தன் காம்பரா அடுப்பில் டீத் தண்ணி வைத்துத் தயாராக இருந்தார். ஜீப் சத்தம் கேட்டதும் பின்கதவு வழியாக வெளியே வந்து, சமையல்கட்டு வாசலில் போய் நின்றார்.

"கூப்புட்டா ஓடணுமேன்னு செருப்பக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு நின்னேங்க. முன்கதவத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. மறுபடி தட்டுனாங்க. சன்னல் கண்ணாடியத் தட்டுனாங்க. நான் நிக்கிறேன். இப்பக் கூப்புடுவாங்க, இப்பக் கூப்புடுவாங்கன்னு நிக்கிறேன். அப்பறம் ஜீப்பு ஸ்டார்ட் ஆவுற சத்தம் கேட்டுச்சு."

அவர் ஓடிச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தபோது ஜீப் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கத்தியது கேட்கவில்லை.

"ஒரு எட்டு முன்னால போயிருக்கலாமே அம்மா," என்றேன். கேட்ட பிறகு என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தோணவே இல்லீங்க," என்றார். "போக வேணாம்னு நெனச்சு நின்னிருந்தாக்கூட மனசு ஆறிடும். போகலாம்னு தோணவே இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. ஒரு வீட்டுக்குக் கதவு என்றால் முன்கதவு மட்டும்தான் என்று நினைக்கிற படித்த ஜாதியின்மேல் வந்தது, அதில் நானும் உண்டு. கொடி ஏறிய கதவைத் தட்டிப் பார்த்து, கண்ணாடி வழியாக வெறும் ஹாலை எட்டிப் பார்த்து, போட்டோ ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார் அந்த வக்கீல். வீட்டைச் சுற்றி வர இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர்களிடம் சின்னம்மை எதையும் மறைக்கவில்லை. இசக்கியம்மா தலையிலிருந்த விறகுக் கட்டைத் தரையில் போட்டார்.

"உன்ன எதுக்குக்கா உட்டுட்டுப் போனோம்? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

அன்றிலிருந்து இசக்கியம்மா சின்னம்மையிடம் பேசவில்லை. ஒரே நடையில், எதிரெதிர்க் காம்பராவில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது சாதாரணக் காரியம் இல்லை. இசக்கியம்மா அதைச் செய்து காட்டினார்.

வக்கீலின் அறிக்கையில் பங்களா பூட்டிக் கிடக்கிறது, ஆள் இல்லை என்று இருந்தது. போட்டோவையும் இணைத்திருந்தார். சங்கிலி பிடித்துவந்த தொழிலாளர் தரப்பு வக்கீல் இளவயது ஆள். அவர் கண்ணில்தான் அது பட்டது. போட்டோவில் கதவு பூட்டியிருக்கிறது, சரி. கூரைமேல் புகை வருகிறதே? ஆள் இல்லாத வீட்டில் அடுப்பு எரியுமா? சின்னம்மை வைத்த டீத் தண்ணியின் புகை அது. கோர்ட்டில் அதைக் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்களாம். விஷயம் மலைக்கு வந்து சேர்ந்தபோது பங்களாவில் கொண்டாட்டம்.

கம்பெனி வக்கீல் சும்மா இருப்பாரா? ஐந்து புகைபோக்கி இருக்கிறது, ஒன்றில்தான் புகை வருகிறது, ஐந்து குடும்பம் என்றால் மற்ற நான்கும் அன்றைக்குப் பட்டினியா என்று கேட்டார். சின்னம்மையைக் கூண்டில் ஏற்றினார்கள். ஐந்து குடும்பம் என்று சொன்னார். பெயர் பெயராகச் சொன்னார், பிள்ளைகளின் பெயரையும் சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் அன்றைக்கு வந்து சொல்லாதது ஏன் என்று கேட்டபோது, கூப்பிடவில்லை என்றார். யாருக்கும் அது புரியவில்லை. பங்களாவில் குடியிருந்தது ஒரு குடும்பம் என்று தீர்ப்பானது. மூன்று சென்ட் சின்னம்மைக்கும் ஆண்டிக்கும்.

எனக்கு வேண்டாம் என்றார் சின்னம்மை. ஐந்து பேருக்கும் கொடுத்தால் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவரிடம் பேசாமல் இருந்த இசக்கியம்மாதான் வாயைத் திறந்தார்.

"நீ வேணாம்னா எங்களுக்கா தரப்போறான்? கம்பெனிக்காரன்தான் எடுத்துக்குவான். நல்லவளா இருக்கணும்னா வேற எங்கயாச்சும் போயி இரு. போட்டுத் தொல கையெழுத்த."

சின்னம்மை கையெழுத்துப் போட்டார். "வாங்கிக்கிட்டேங்க. பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள்ள ஆசயும் இருந்துச்சு. ரெண்டு தேசத்துலயும் சேத்து எங்க குடும்பத்துல யாருக்கும் சொந்தமா ஒரு அடி மண்ணு இருந்ததில்ல," என்று என்னிடம் சொன்னபோது அவர் அழுதார். அழுகையைத் துடைக்கவும் இல்லை.

காலி செய்த அன்று கம்பெனி ஆள் கோயமுத்தூரிலிருந்து சாவி கொண்டுவந்து முன்கதவைத் திறந்தார். ஐந்து குடும்பங்களும் பின்பக்கமாகச் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தன. சங்கிலியின் குடும்பம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனது. இரண்டு குடும்பங்கள் மேட்டுப்பாளையம் பக்கம் வாழைத்தோட்டக் கூலிக்குப் போயின. இசக்கியம்மா கணவரோடு தேவாலாவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மேலே போய், காலியாக இருந்தது என்ற வரியை அடித்து, ஐந்து தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன என்று எழுதி, பெயர்களோடு பாலகுமாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நல்லவிதமாகத்தான் பேசினார். "கோர்ட் ரெக்கார்டுல ஒரு குடும்பம்தானே சார் இருக்கு? நாளைக்கு யாராவது ஒண்ணு கெளப்பினா வம்பு. ஒண்ணுன்னு போட்டுக்கலாமே?" என்றார். ஒன்று என்று நான் எழுத மாட்டேன் என்றேன். வரலாறு இல்லாமலேயே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பழைய படத்தை மாட்டிவிட்டார்கள். என் கூலியும் போயிற்று. போகட்டும்.

சின்னம்மையின் நிலம் பழைய ஃபேக்டரிக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. கல் வாங்கவும் தகரம் வாங்கவும் காசு சேர இரண்டு வருடம் ஆனது. ஆண்டியே சுவர் வைத்தார். ஒரு பெரிய அறையும் சமையலுக்கு ஒரு சாய்ப்பும் போதும் என்பது அவர் எண்ணம். சின்னம்மை இரண்டு அறை வேண்டும் என்று சண்டை போட்டு வைக்கச் சொன்னார். எதற்கு என்று ஆண்டி கேட்டதற்கு, இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாராம்.

பால் காய்ச்சும் நாளுக்கு நான்கு குடும்பங்களையும் அழைத்தார். திருப்பூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். தேவாலாவுக்குத் தானே போனார். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால் இசக்கியம்மா வேலைக்குப் போயிருந்தார், அண்ணி மட்டும் இருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்றைக்குச் சங்கிலி வந்தார், தேங்காய்ப் பழத் தட்டோடு. மேட்டுப்பாளையத்துக்காரர்கள் வரவில்லை. பால் பொங்கி, சாப்பாடு பரிமாறி, பாத்திரம் கழுவும் நேரத்தில் பிற்பகல் பஸ்ஸிலிருந்து இசக்கியம்மா இறங்கி வந்தார். தனியாக வந்தார். கணவர் முந்திய மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டிருந்தார். சின்னம்மைக்கு அது தெரியாது, யாரும் சொல்லி அனுப்பவில்லை. நெற்றியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

இசக்கியம்மா ஒரு டம்ளர் பாலை வாங்கி நின்றபடியே குடித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். முதல் அறையைப் பார்த்தார், இரண்டாவது அறையைப் பார்த்தார். பிறகு, பேச்சு நின்றுபோய் மூன்று வருடமானதே தெரியாத குரலில் கேட்டார்:

"ஏங்க்கா, இதுல எங்க காம்பரா எது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டிதான் உரக்கச் சிரித்தார். இசக்கியம்மா சிரிக்கவில்லை. அவர் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது, கக்கத்தில் சுருட்டிய பாய் இருந்தது. பால் காய்ச்சுக்கு வருகிறவர் பாய் கொண்டுவர மாட்டார்.

"பாய வாங்கிட்டேங்க," என்றார் சின்னம்மை. "ரெண்டாவது காம்பராவுல கொண்டுபோயி விரிச்சேன்."